சிலந்தியையும் கணக்கில் சேருங்கள்



சூழலியல் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகக் காட்டுக்குப் போகவேண்டாம். வரப்பில் நின்று யார் யாரைத் தின்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

நெல்லின் தூரடியில் புகையான் பூச்சி கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து போகிறது. அதே தூரில் புகையானைப் பிடித்துத் தின்ன ஓநாய்ச் சிலந்தி இருக்கிறது. புகையானின் முட்டையை உறிஞ்ச மிரிட் நாவாய்ப்பூச்சி இருக்கிறது. தவறித் தண்ணீரில் விழுந்தால், நீர்மேல் ஓடும் பூச்சி விடாது. இத்தனை பேர் காவலிருந்தும் புகையான் எப்படிப் பெருகுகிறது?

நாம்தான் காவலை எடுத்துவிடுகிறோம். புகையான் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. நாம் அடிக்கும் மருந்தில் சிலந்தி சாகிறது, நாவாய்ப்பூச்சி சாகிறது. உள்ளே இருக்கும் முட்டை தப்பிவிடுகிறது. சில நாளில் குஞ்சு வெளியே வரும்போது, அதைத் தின்ன வயலில் ஆளே இல்லை!

இந்தோனேசியா இதற்குப் பெரிய விலை கொடுத்தது. 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு அது. பூச்சிமருந்துக்கு அரசே மானியத்தை அள்ளிக் கொடுத்தது. மருந்து பெருகியது, கூடவே புகையானும் பெருகி ஜாவா வயல்களைச் சூறையாடியது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ 57 மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தார். 1989க்குள் மானியமும் நின்றது. விளைச்சல் சரிந்ததா? இல்லை ஐயா, இல்லை!

ஜாவாவில் நடந்த ஆய்வு ஒன்று 1996இல் வெளியானது. அதன்படி, புகையான் பெருகும் முன்பே வயலில் சிலந்திகள் நிறைந்திருக்கின்றன. அதுவரை அவற்றுக்கு என்ன சாப்பாடு? மக்கும் சருகையும் தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்களையும் தின்று வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள். பயிரைத் தொடாதவை, நாம் பெயர்கூட வைக்காதவை. மக்குப்பொருள் கூடிய பாத்திகளில் அந்தப் பூச்சிகள் கூடின; அவற்றைத் தின்னும் சிலந்திகளும் கூடின. நீங்கள் போடும் தொழு உரம் பயிருக்கு மட்டுமல்ல, காவலுக்கும் சோறு!

ஆகவே நட்ட முதல் மாதத்தில், இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டதும் பதறி மருந்தடிக்காதீர்கள். தூர் கட்டும் பயிர் அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அப்போது அடிக்கும் மருந்து, பின்னால் வரும் புகையானுக்குக் கதவைத் திறந்துவிடும்.

நம் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே சிலந்தியை எண்ணச் சொல்கிறது. சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு புகையான் வந்தாலே நடவடிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். மருந்துக்கடைக்குப் போகுமுன் வயலில் இறங்குங்கள்; குத்தைத் தட்டிப் பார்த்து இரண்டையும் எண்ணுங்கள். அதன்பிறகு முடிவெடுங்கள்.