தாங்கும் நோவும் தாங்கலாகா நோவும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் பற்றி ஏதேனும் பேசுக என்று செயலாளர் பணித்தார். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, சித்தூர் நிலையத்தில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் யாம் இலக்கியம் பேசினால், அது இலக்கியத்துக்கு இழைக்கும் தீங்காகும். ஆகவே, கடந்த ஈராண்டில் எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூற அவரிடம் அனுமதி பெற்றோம். எம் மனைவியாரின் இசைவும் உண்டு. அவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். யாம் பிழைபடக் கூறினால் அங்கிருந்தே திருத்துவார்.

அவருக்கு நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய் என்று மருத்துவர் கூறியபோது எமக்கு நிலம் நழுவியது. ஆயினும் நம் பெற்றோர் காலத்தைவிட நாம் பேறு பெற்றவர்கள் என்றே சொல்லவேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அந்நாளில் இச்சித்தூர்ப் பகுதியினர் இந்நோய்க்குச் சென்னைக்கோ வேலூருக்கோதான் மூட்டை கட்டவேண்டும். இன்று திருப்பதியிலேயே 1993இல் தொடங்கிய வேங்கடேசுவரா மருத்துவ நிலையம் இருக்கின்றது; 2022இல் திறக்கப்பெற்ற புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றது. எமக்கும் திருப்பதியிலேயே மருத்துவம் அமைந்தது. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறையாக ஆறு முறை மருந்து ஏற்றவேண்டும் என்றனர்.

முதல் முறை கையிலுள்ள நரம்பில் ஊசி குத்தி ஏற்றினர். எம் மனைவியாரின் நரம்புகள் மெலிந்தவை. மூன்று இடங்களில் குத்தியும் அகப்படவில்லை. அம்மருந்துகளுள் செந்நிறமான ஒன்று, நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். எனவே 'போர்ட்' வைத்துவிடலாம் என்று மருத்துவர் கூறினார்.

அது யாதெனில், காசு அளவுள்ள ஒரு சிறு பெட்டி. காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, தோலுக்கு அடியில் அதை வைத்துத் தைப்பர். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று இதயத்துக்கு அருகிலுள்ள பெருஞ்சிரைவரை செல்லும். இருப்புப்பாதைக்காரர்களுக்கு இதை விளக்குதல் எளிது. கிளைப்பாதையில் கனத்த வண்டியை ஓட்டினால் தண்டவாளம் தாங்காது. நேரே மெயின் லைனில் சேர்த்துவிட்டால் தாங்கும். கை நரம்பு கிளைப்பாதை. பெருஞ்சிரை மெயின் லைன். அங்கே குருதி பெருகி ஓடுவதால் மருந்து உடனே கலந்து நீர்த்துவிடுகின்றது. அமெரிக்காவில் ஜான் நீடர்ஹூபர் என்னும் அறுவை மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1982இல் இம்முறையைப் பற்றி எழுதி வெளியிட்டனர் என்று பின்னர் அறிந்தோம்.

வைப்பது சிறிய அறுவைதான். அன்று மாலையே வீடு திரும்பினோம். அதன் பின்னரே யாம் எதிர்பாராத தொல்லைகள் தொடங்கின. அவற்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றோம். ஏனெனில் இவற்றை எவரும் எமக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதல் வாரம் மார்பின் வலப்பக்கம் கன்றிக் கருத்திருந்தது. கழுத்தைத் திருப்பினால் உள்ளே கயிறு இழுப்பதுபோல் இருக்கும். மல்லாந்து படுத்தால் பாரம், ஒருக்களித்தால் குத்தல். இரண்டு தலையணைகளை முதுகுக்கு அண்டை கொடுத்துச் சாய்ந்து உறங்குவதும், வலக்கையின் கீழ் ஒரு சிறு திண்டு வைப்பதும் மிக உதவின. தண்ணீர்க் குடத்தையும் அரிசி மூட்டையையும் தொடலாகாது என்று தடுத்துவிட்டோம். ஆனால் அத்தடையில் யாம் ஒரு பிழை செய்தோம். கையையே அசைக்கலாகாது என்று கருதி, பத்து நாள் கையை மார்போடு ஒட்டி வைத்திருக்கச் செய்தோம். தோள்மூட்டு இறுகித் தலை வாரவும் முடியாமற் போயிற்று. பளு தூக்கலாகாதே ஒழிய, மெல்ல மெல்லக் கையை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். மஞ்சள் அரைத்துப் பூசுமாறு அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் அன்போடு கூறினார். அவர் அன்பை மட்டும் ஏற்றுக்கொண்டோம்.

அடுத்து உடை. ரவிக்கையின் விளிம்பு சரியாக அப்புடைப்பின்மேல் உரசியது. கழுத்து அகன்று, முன்புறம் கொக்கி வைத்த நான்கு ரவிக்கைகளைத் தைத்துக்கொண்டார். தாலிச் சங்கிலி அதன்மேல் விழுந்து அறுத்தது. சங்கிலியைக் கழற்றிவிட்டு மஞ்சட்கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டார். ஊரார் கண்களுக்கு இது ஒரு செய்தியாயிற்று. ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: தலைமயிர் உதிர்ந்தபோது எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திருப்பதியில் மொட்டைத் தலையோடு செல்லும் பெண்ணை யார் திரும்பிப் பார்க்கப்போகின்றார்கள்? அவ்வூர் எங்களுக்குச் செய்த பேருதவி அது.

புகைவண்டியில் வலத்தோள் சன்னல் பக்கம் இருக்குமாறு அமர்வோம், நடப்போர் மோதமாட்டார்கள். காரில் இடுப்புவார் மார்பின் குறுக்கே அழுத்தும் இடத்தில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொள்வோம். ஊசி குத்தும் வலிக்கு, தோலை மரக்கச் செய்யும் களிம்பு ஒன்றை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் முன்னதாகப் பூசவேண்டும். பாகாலா நிலையம் கடந்ததும் பூசிக்கொண்டால், திருப்பதியில் முறை வரும்போது சரியாக இருக்கும். உப்புநீர் செலுத்திக் குழாயைக் கழுவும்போது வாயில் துருப்பிடித்த சுவை எழும். அதற்குப் புளிப்பு மிட்டாய் ஒன்று போதும்.

இவையெல்லாம் தாங்கும் நோவுகள். இனிக் கூறுவது எம் மனத்தை இன்றும் அரிப்பது.

மருந்தேற்றும் செவிலி தெலுங்குப் பெண், இனியவள். ஒவ்வொரு முறையும் "நொப்பி உந்தா அம்மா?" என்று கேட்பாள். நொப்பி என்றால் வலி. எம் மனைவியார் ஒவ்வொரு முறையும் "லேது" என்பார். இல்லை என்று பொருள். வலித்தாலும் லேது, எரிந்தாலும் லேது. பிறரைத் தொல்லைப்படுத்தலாகாது என்று வளர்க்கப்பட்டவர். அதைப் பெருமையாகவே யாமும் எண்ணி வந்தோம்.

மூன்றாம் முறை மருந்தேற்றிய பத்தாம் நாள். மகளுக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. இவருக்கு உடம்பு சுட்டது. "ஒன்றுமில்லைங்க, வெயில் சூடு" என்று சொல்லிக் காய்ச்சல் மாத்திரை ஒன்றை விழுங்கினார். சூடு தணிந்தது. மாலையில் மீண்டும் ஒரு மாத்திரை. போர்ட்டைச் சுற்றித் தோல் சிவந்திருந்ததை முந்தானையால் மறைத்துக்கொண்டார். நள்ளிரவில் கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. வாடகைக் கார் பிடித்துத் திருப்பதிக்கு ஓடினோம். அந்த இரவின் நீளத்தை எம்மால் இன்றும் அளக்க முடியவில்லை.

கிருமி போர்ட்டில் குடிபுகுந்து குருதியில் கலந்திருந்தது. மருந்தேற்றிய ஏழாம் நாள் தொட்டுப் பதினான்காம் நாள் வரையில் குருதியின் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அந்நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால் விடியும்வரைகூடக் காத்திருக்கலாகாது என்றார் மருத்துவர். மாத்திரை காய்ச்சலை மறைத்ததேயன்றிக் கிருமியைத் தொடவில்லை. சிலருக்கு மருந்தினாலேயே குணமாகும். இவருக்குப் போர்ட்டை எடுத்துவிட நேர்ந்தது. ஒன்பது நாள் மருத்துவமனை வாசம். யாமும் அருகிலேயே இருந்தோம். காய்ச்சல் மானி வாங்கி வைத்தும் அதை எடுத்துப் பார்க்காத குற்றம் எம்முடையது.

சில வாரங்களுக்குப் பின் இடப்பக்கம் இரண்டாம் போர்ட் வைத்தனர். இடத்தோளில் முந்தானையின் கனமும் ஊக்கும் சேர்ந்து வருத்தின. ஊக்கை நீக்கிவிட்டு, மெல்லிய பருத்தித் துணியை நான்காக மடித்துத் தைத்த ஒரு சிறு மெத்தையை ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளும் வழியை அவரே கண்டுபிடித்தார். சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். காய்ச்சல், நடுக்கம், சிவப்பு, சீழ், கையிலோ கழுத்திலோ வீக்கம், மூச்சுத் திணறல், மருந்து ஏறும்போதே எரிச்சல் — இவற்றுள் ஒன்று கண்டாலும் அதை மறைப்பவர் இவ்வீட்டில் குற்றவாளி என்று மகள் பெரிய எழுத்தில் எழுதினாள்.

அடுத்த முறை செவிலி வழக்கம்போல் கேட்டாள். எம் மனைவியார் சற்றுத் தயங்கி, "உந்தி" என்றார். செவிலி உடனே மருந்தை நிறுத்தி, ஊசி சற்று விலகியிருந்ததைக் கண்டு, மாற்றிக் குத்தினாள். ஐந்து நிமிட வேலை.

ஆறு முறையும் நிறைவுற்றன. இப்போது நான்கு வாரத்துக்கு ஒருமுறை சென்று குழாயைக் கழுவிவருகின்றோம்; எடுத்துவிடும் நாளை மருத்துவர் கூறுவார்.

இறுதியாக, எழுத்தர் என்ற முறையில் ஒன்று. சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கு இரயில்வேயில் கட்டணச் சலுகை உண்டு. படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வகுப்பிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுதும் விலக்கு. உடன் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு. இரண்டாம் வகுப்பில் இருவருக்குமே 75 விழுக்காடு. மருத்துவமனை தரும் சான்றிதழ் வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் எம்மிடம் வரலாம். அச்சிறு மெத்தையின் அளவு வேண்டும் தாய்மார்கள், விழா முடிந்ததும் மூன்றாம் வரிசைக்குச் செல்க. இரண்டு மாதிரிகளைப் பையில் கொண்டுவந்திருக்கின்றார்.