எந்த நொடியில்?



விடுதியில் பக்கெட்டைத் தட்டிப் பாடிய நாங்கள் ஐவர் இன்று ஐந்து ஊர்களில் இருக்கிறோம். மாதம் ஒரு பாட்டை வீட்டிலேயே செல்போனில் பதிவு செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டு, வேர்த்து விறுவிறுத்துப் பாடி முடிக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். அது தனிக் கதை!

"சூப்பர்டா" என்று மட்டும் சொல்லக் கூடாது, எந்த நொடியில் என்ன குறை என்று சொல்லணும். இது எங்கள் சட்டம். காரணம் உண்டு. பாடும்போது நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருவதால் நமக்குக் கனமாகக் கேட்கிறது. மற்றவர் கேட்பது வேறு குரல்.

அப்பா இறந்தபின் அவருக்காக ஒரு பாட்டு எழுதி, பாடி அனுப்பினேன். மூவர் உருகிப் போனார்கள். ஒருவன் மட்டும், "1 நிமிடம் 12ஆவது நொடியில் சுருதி இறங்குதுடா" என்றான். அப்பா பாட்டிலா சுருதி பார்ப்பது? இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் ராத்திரி சுருதிப் பெட்டியோடு வைத்துக் கேட்டேன். இறங்கித்தான் இருந்தது, 'அப்பா' என்ற சொல்லிலேயே.

மறுபடி பாடி அனுப்பினேன். "இப்போ சரி. அம்மாவுக்குப் போட்டுக் காட்டு" என்று பதில் வந்தது. காட்டினேன்.