பூவரசம்பூவும் போர்வீரர் நினைவும்



பூவரச இலையைச் சுருட்டிக் குழல் ஊதி விளையாடிய இளமை நம்மிற் பலருக்கு உண்டு. அம்மரத்தின் மஞ்சள் மலரைச் சிங்கள மக்கள் 'சூரிய மல்' என்பர். இந்த எளிய மலர், மாண்ட போர்வீரரை நினைவுகூரும் முறை யாது என்ற கேள்வியை ஒருகாலத்தில் இந்நாட்டின் முன் வைத்தது. அதன் வரலாற்றில் சப்பிரகமுவ மாகாணத்திற்கும் பங்குண்டு. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுவது தமிழரின் தொன்மையான வழக்கம். கல்லைத் தேடிக் காண்பது முதல் படையலிட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. ஆனால் நம் முன்னோர் கல்லோடு நின்றுவிடவில்லை. வீரனை இழந்த குடும்பத்தினர்க்கு நிலமும் வழங்கினர். அந்நிலத்தைக் கல்வெட்டுக்கள் 'உதிரப்பட்டி' என்று குறிக்கின்றன. சிந்திய உதிரத்தின் பொருட்டுக் கொடுத்த நிலம் என்பது அதன் பொருள். கல் இறந்தவனுக்கு, நிலம் இருப்பவர்க்கு. இவ்விரண்டும் சேர்ந்ததே நினைவு என்பது அவர்கள் கண்ட அறம்.

முதலாம் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆம் நாள் ஓய்ந்தது. பின்னர் ஆண்டுதோறும் அந்நாளிலே செந்நிறப் பொப்பி மலரை விற்று, முன்னாட் படைவீரரின் நலனுக்கு நிதி திரட்டும் வழக்கம் பிரித்தானியப் பேரரசெங்கும் பரவியது. இலங்கை மக்களும் காசு கொடுத்து அம்மலரை வாங்கி அணிந்தனர். ஆயினும் திரண்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. இங்கிருந்து போர்முனைக்குச் சென்று மீண்டவர்க்குக் கிட்டியது சொற்பமே.

இதனைப் பொறாத ஏலியன் பெரேரா என்பார், 1931ஆம் ஆண்டு அதே நவம்பர் 11இல், பொப்பிக்கு மாற்றாகப் பூவரசம்பூ விற்பனையைத் தொடங்கினார். இலங்கையிற் சேரும் பணம் இலங்கை வீரரைச் சேரவேண்டும் என்பதே அவர் வாதம். 1933இல் இளைஞர் கழகத்தினர் இம்முயற்சியை ஏற்று நடத்தினர். இங்கிலாந்திலே பிறந்து இங்கு கல்விப்பணி ஆற்றிய டொரீன் யங் அம்மையார், 'மலர்களின் போர்' என்ற கட்டுரையால் அதற்கு வலுவூட்டினார். பேரரசை எதிர்க்கும் இயக்கமாகவும் அது வளர்ந்தது.

மாண்டவரை நினைக்கும் நாளிலே பணக்கணக்குப் பார்ப்பது தகுமோ என்று சிலர் கேட்கக்கூடும். வீரனின் பெயரால் திரட்டிய பணம் வீரனின் வீட்டிற்குச் சென்றதா என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. அதைக் கேளாதிருப்பதே அவமதிப்பாகும்.

1934இல் பருவமழை பொய்த்தது. மகா ஓயா முதலிய ஆறுகள் ஓட்டமின்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகிற்று. மலேரியாக் காய்ச்சல் கேகாலை மாவட்டத்தைக் கொடிதாகத் தாக்கியது. 1935 வரை நீடித்த அக்கொள்ளைநோய்க்குத் தீவெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் இரையாயினர் என்பது கணிப்பு. அவ்வேளை சூரிய மல் இயக்கத் தொண்டர்கள் மருந்தும் உணவும் கொண்டு கேகாலைக் கிராமங்களுக்குச் சென்றனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் முன்னின்றோர். பட்டினி கிடந்தோர்க்குப் பருப்பு வழங்கிய பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தையா' என்று அன்போடு அழைத்தனர். 1936இல் ருவன்வெல்லத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. போர்வீரனின் வறுமையைக் கண்டு தோன்றிய இயக்கம் நோயாளியின் குடிசையை நாடி வந்தது வியப்பன்று; இரண்டிற்கும் ஊற்று ஒன்றே.

மீண்டும் போர் வந்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் இறப்பர் நேசநாடுகளுக்குக் கிட்டாதாயிற்று. இலங்கை இறப்பரையே அவை பெரிதும் நம்பி நின்றன. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்கள் அந்த இறப்பரை ஈந்த மண். மரம் பட்டுப்போனாலும் போகட்டும் என்று அந்நாளிற் பால் வெட்டுவித்தனர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்ற ஆணும் பெண்ணும் துப்பாக்கி ஏந்தியவர் அல்லர். வீரர் பட்டியலில் அவர்க்கு இடமும் இல்லை. ஆனால் போர் வண்டிகளின் சக்கரங்கள் அவர்கள் உழைப்பிலும் உருண்டன. போர் முடிந்து மூன்றாண்டுகளிலே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களுள் மிகப் பலர் நாடற்றவராயினர். எஞ்சியோரின் குறை தீர்க்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. அவர்களை நினைக்கவும் நாம் கடமைப்பட்டவர்கள்.

கண்டியிலுள்ள போர் மயானத்திலே இலங்கையரும் இந்தியரும் கிழக்காபிரிக்கரும் ஆங்கிலேயரும் அருகருகே துயில்கின்றனர். அங்கே கல் உண்டு. அதனைப் பேணுவாரும் உண்டு. நம் அயலில் மறைந்த முதிய படைவீரரை யார் பேணுவர்? அவர் பணியாற்றிய படையின் பெயரையும் ஆண்டுகளையும் வீட்டார் எழுதிவைக்கட்டும். பதக்கத்தையும் விடுவிப்புப் பத்திரத்தையும் பெட்டியின் அடியிற் செல்லரிக்க விடாதிருக்கட்டும். ஓய்வூதியப் படிவத்தை நிரப்ப இயலாத கைம்பெண்ணுக்கு எழுத்தறிந்த இளைஞர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கட்டும். அவ்வீரர்க்கு நாம் சூட்டும் மலர் அதுவேயாகும்.