மாற்றமும் மறுப்பும்

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, தமிழகத்திற்குள் நுழைவதற்கு முன் பேத்தமங்களாவில் ஓர் ஏரியில் தங்கிச் செல்கிறது. கோலார் தங்கவயலுக்கு அண்மையில் உள்ள ஊர் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த ஏரியின் நீரை வடிகட்டிக் குழாய்களின் வழியே தங்கவயலுக்குக் கொண்டு சென்றனர். அந்நீரைப் பருகிச் சுரங்கத்தில் உழைத்தவர்களுள் மிகப் பலர் தமிழர். அதே பாலாறு பாயும் வட ஆர்க்காட்டு மண்ணிலிருந்து சென்றவர்கள் அவர்களுள் ஏராளம்.

அம்மக்களின் வரலாற்றிலிருந்து ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். பிறமாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுள் பலர் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஒரு குழுவை நடத்திச் செல்லும் பொறுப்பில் இருப்பீர்கள். புதிய ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவர முயலும்போது, "இத்தனை நாள் எங்கள் வேலையில் என்ன குறை கண்டீர்கள்?" என்ற குரல் எழுவதைக் கேட்டிருப்பீர்கள். "மாற்றம் என்றாலே இவர்களுக்குப் பிடிப்பதில்லை" என்று அப்போது சலித்துக்கொள்வது இயல்பு. ஆனால் அந்தச் சலிப்பு நியாயமானதா?

தங்கவயல் தொழிலாளர்களை எண்ணிப் பாருங்கள். ஏர் பிடித்த கை துளைக்கருவியைப் பிடித்தது. வானம் பார்த்து விதைத்தவர்கள் சூரிய ஒளியே எட்டாத இடத்தில் வேலை செய்தனர். 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காவிரியின் சிவசமுத்திர அருவியில் உண்டாக்கிய மின்விசை ஏறத்தாழ 92 மைல் கடந்து தங்கவயலை வந்தடைந்தது. நீராவி எந்திரங்கள் இருந்த இடத்திற்கு மின்பொறிகள் வந்தன. காலப்போக்கில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே சென்று, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. ஊர், தொழில், கருவி, வாழ்க்கை முறை என இத்தனை மாற்றங்களையும் ஏற்றுப் பழகியவர்களை மாற்றத்தின் பகைவர் என்று யார் சொல்ல முடியும்?

ஆயினும் 1930ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு மாற்றத்தை மறுத்தனர். தொழிலாளர்களின் விரல்ரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். ஏறத்தாழ மூன்று வாரம் அந்த வேலைநிறுத்தம் நீடித்தது.

நிர்வாகத்தின் கண்ணுக்கு அது ஆளை அடையாளம் காணும் எளிய வழி. மையில் விரலைத் தோய்த்துத் தாளில் ஒற்றுவதற்கு ஒரு நிமிடம் போதும். கூலியும் குறையாது, வேலையும் கூடாது. ஆனால் தொழிலாளியின் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது. விரல்ரேகை எடுப்பது காவல்துறை குற்றவாளிகளிடம் கையாளும் முறை அன்றோ? அத்தொழிலாளர்களுள் பெரும் பகுதியினர், கிராமத்துச் சாதிக் கொடுமையிலிருந்து விலகித் தன்மானத்தோடு உழைத்து வாழலாம் என்று நம்பி வந்த ஆதிதிராவிட மக்கள். "உன்னை நாங்கள் ஐயுறுகிறோம்" என்பதாகவே அந்தப் பதிவை அவர்கள் புரிந்துகொண்டால் வியப்பென்ன?

இன்று நாட்டின் எத்தனையோ அலுவலகங்களில் விரலைக் கருவியில் வைத்தே வருகையைப் பதிகிறார்கள். மேலாளரும் வைக்கிறார், கடைநிலை ஊழியரும் வைக்கிறார். அதே ரேகைதான்; ஆனால் அதன் பொருள் வேறாகிவிட்டது. ஆகவே, மக்கள் மறுப்பது பெரும்பாலும் புதுமையை அன்று. அப்புதுமை தங்களைப் பற்றிச் சொல்லாமல் சொல்லும் செய்தியையே மறுக்கிறார்கள். தலைவன் முதலில் அறிய வேண்டிய உண்மை இது.

மறுப்பில் சில வேளை அறிவும் அடங்கியிருக்கும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் சிறு சிறு குழுக்களாகக் கூடி, ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே செய்துவந்தனர் தொழிலாளர். தம் கூட்டாளியைத் தாமே தேர்ந்துகொண்டனர். எந்திரங்கள் வந்தபின் அந்த வேலை துண்டு துண்டாகப் பிரிந்து, வெவ்வேறு நேர முறைக்காரர்களிடம் போயிற்று. எந்திரம் சிறந்ததாக இருந்தும் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. வேலைக்கு வராதிருப்பதும் மனக்கசப்பும் மிகுந்தன. எரிக் டிரிஸ்டு, கென் பாம்ஃபோர்த் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து 1951இல் எழுதினர். பாம்ஃபோர்த் தாமே சுரங்கத்தில் உழைத்தவர். இருளில் உயிரைக் காப்பது பக்கத்தில் நிற்கும் கூட்டாளி என்பது சுரங்கத் தொழிலாளிக்குத் தெரியும். திட்டம் வகுத்தவர்களுக்குத் தெரியவில்லை.

அங்ஙனமாயின் மாற்றத்தைக் கொண்டுவருவது எப்படி? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், இரவு உடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நடந்த சோதனை இதற்கு ஒரு விடை தருகிறது. கோச், ஃபிரெஞ்சு என்னும் இருவர் அதன் முடிவை 1948இல் வெளியிட்டனர். வேலைமுறையைச் சிறிது மாற்ற வேண்டியிருந்தது. ஒரு குழுவினரிடம் மாற்றத்தை அறிவித்தார்கள், காரணத்தையும் விளக்கினார்கள், அவ்வளவே. அவர்களுடைய உற்பத்தி வீழ்ந்து, எழவே இல்லை. முதல் நாற்பது நாட்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் வேலையை விட்டே சென்றனர். வேறு குழுக்களில், புதிய முறையை வகுப்பதிலேயே எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் விரைவில் பழைய அளவை எட்டி, அதற்கு மேலும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு பங்கு உயர்ந்தனர். ஒருவரும் வேலையை விடவில்லை. காரணத்தைச் சொல்வது மட்டும் போதாது. கையில் பங்கையும் கொடுக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

"எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் தலைவன் எதற்கு?" என்று சிலர் வினவலாம். நல்ல கேள்விதான். ஆழ்சுரங்கத்தில் தலைக்கவசம் அணிய வேண்டுமா என்பதை வாக்கெடுத்து முடிவு செய்ய இயலாது. அங்கே உறுதி வேண்டும். ஆனால் எதைச் செய்வது என்பது முடிவான பின்பும், எப்படிச் செய்வது, எப்போது தொடங்குவது, யார் யாருக்குக் கற்பிப்பது என்பவை எஞ்சி நிற்கின்றன. அவற்றைக் குழுவினரிடம் விட்டுவிடலாம். முடிவானதை முடிவானது என்றே நேர்மையாகச் சொல்ல வேண்டும். முன்பே தீர்மானித்துவிட்டுக் கருத்துக் கேட்பது போல் நடிப்பது, கேளாதிருப்பதினும் தீது.

ஏரியைக் காத்த நம் முன்னோர் கரையை உயர்த்துவதோடு நின்றுவிடவில்லை; கலிங்கும் மதகும் அமைத்தனர். போக்கிடம் இல்லாத வெள்ளம் கரையை உடைக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். குழுவில் எழும் மறுப்பும் அத்தகையதே. மறுப்பவரைத் தனியே அழைத்து, "இதில் உங்களுக்கு எது உறுத்துகிறது?" என்று கேளுங்கள். கேட்டபின் உடனே மறுமொழி கூறாமல் சற்றே பொறுங்கள். கூலி பற்றிய அச்சமா, கைத்திறன் பயனற்றுப் போகுமோ என்ற கவலையா, இளையோர் முன் தோற்றுப்போவோமோ என்ற கூச்சமா, அல்லது நீங்கள் காணாத குறை ஒன்றை அவர் கண்டிருக்கிறாரா என்பது அப்போதுதான் வெளிப்படும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. புதிய விதி எதுவாயினும், அது முதலில் உங்கள் மேல் செல்லட்டும்.

மொழியும் ஊரும் வேறான மனிதரோடு பணிபுரியும் உங்களுக்கு இப்பொறுப்பு இன்னும் பெரிது. அயலூரில் வாய்ச்சொல்லைவிட நடத்தையே முதலில் புரிகிறது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அம்மக்களுள் பலர், நாள்தோறும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரு சென்று புதிய தொழில்களைக் கற்று வாழ்கின்றனர். மீண்டும் ஒரு பெரிய மாற்றத்தை அவர்கள் தாங்கினார்கள். உழைப்பவருக்கு மாறும் ஆற்றல் குறைவன்று. தம்மை மதித்து அழைக்கும் தலைமையையே அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.