தூரின் நகரம் மறவாத அணி

(விளையாட்டுக் கழகமொன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



வென்ற அணிகள் உலகில் ஆயிரம் உண்டு. ஆனால், கிண்ணங்கள் களிம்பேறிய பின்னரும் மக்கள் நெஞ்சில் வாழும் அணிகள் மிகச் சிலவே. அவை வாழ்வது எதனால்? இவ்வினாவுக்கு விடை தேடி, இத்தாலி நாட்டின் வடபால் போ நதிக்கரையில் அமைந்த தூரின் நகருக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அந்நகரில் இரண்டு உதைபந்தாட்டக் கழகங்கள் உண்டு. ஒன்று, 1897 இல் பள்ளி மாணவர் தோற்றுவித்த யுவெந்துஸ். அதன் உடை கறுப்பும் வெள்ளையும். மற்றையது, 1906 இல் அதிலிருந்து பிரிந்து வந்தோரையும் சேர்த்துக்கொண்டு பிறந்த தொரினோ. அதன் உடை கருஞ்சிவப்பு. ஆகவே, இவ்விரு கழகத்தாரின் பகை அயலார் பகையன்று, பங்காளிப் பகை. பங்காளிப் பகையின் கடுமையை இச்சபையோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1931 முதல் 1935 வரை, தொடர்ந்து ஐந்து முறை, யுவெந்துஸ் இத்தாலியின் வெற்றிவாகையைச் சூடியது. பியற் மோட்டார்த் தொழிற்சாலையின் உரிமையாளரான அஞெல்லி குடும்பம் அதன் பின்னே நின்றது. பின்பு தொரினோவின் காலம் வந்தது. 1943 இல் ஒரு முறை. போரினால் தடைப்பட்ட போட்டிகள் மீண்டும் தொடங்கிய பின் 1946, 1947, 1948, 1949 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் அதுவே வென்றது. ஒரே நகரின் இரு கழகங்கள் ஐவைந்து வெற்றிகளைத் தொடர்ந்து ஈட்டிய கதை இது.

அந்த ஆண்டுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். குண்டுவீச்சினால் தூரின் நகரின் வீடுகளும் ஆலைகளும் இடிந்து கிடந்தன. போரில் தோற்ற நாடு, உலகின் முன் தலைகுனிந்து நின்றது. அவ்வேளையில் ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் தலைநிமிரும் உரிமையைத் தந்தது அந்தக் கருஞ்சிவப்பு அணி. 1947-48 பருவத்தில் 40 ஆட்டங்களில் 125 கோல்கள் அடித்தார்கள். பிலதெல்பியா எனப் பெயர்பெற்ற தம் சொந்த மைதானத்தில், வாகைப் போட்டிகளில் ஆறாண்டுகளுக்கு மேலாக அவர்கள் தோற்கவேயில்லை.

அம்மைதானத்து நினைவொன்றை அந்நகரத்து முதியோர் தம் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் சொல்வர். பொல்மிதா என்ற புகையிரத ஊழியர் ஒருவர் ஆட்டம் பார்க்க வருவார். அணி சோர்ந்திருக்கும் வேளையில் அவர் எழுந்து தம் ஊதுகொம்பை முழக்குவார். அதைக் கேட்டதும் தலைவன் வலந்தீனோ மத்சோலா தன் சட்டைக் கைகளை மடித்துவிடுவான். அதன்பின் கால்மணி நேரம் எதிரணிக்கு மூச்சுவிட இடமிராது.

1949 மே 3 ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் பென்பிக்கா கழகத்துடன் நட்புக்காக ஓர் ஆட்டம் ஆடினார்கள். மறுநாள் மாலை விமானம் திரும்பி வந்தது. தாழ்ந்து படர்ந்த முகில்கள் நகரை மூடியிருந்தன. நகருக்கு அருகே சூப்பெர்கா என்னும் குன்றின் உச்சியிலுள்ள தேவாலயத்தின் பின்சுவரில் விமானம் மோதியது. முப்பத்தொருவர் மாண்டனர். அவருள் பதினெண்மர் ஆட்டக்காரர். யூதர் என்பதனால் 1938 ஆம் ஆண்டின் இனச் சட்டங்கள் காரணமாக இத்தாலியை விட்டு நீங்கி, நாசிகளின் கொடுமைக்குத் தப்பிப் பிழைத்துத் திரும்பிய பயிற்சியாளர் எர்ப்ஸ்ரைனும் அங்கேயே மடிந்தார். மத்சோலாவின் மகன் சந்திரோவுக்கு அன்று வயது ஆறு.

தேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் பொத்சோ, தாம் வளர்த்த பிள்ளைகளின் உடல்களை ஒவ்வொன்றாக அடையாளங்காட்டினார். இறுதி ஊர்வலத்தில் ஐந்து இலட்சம் மக்கள் திரண்டனர் என்பர். எஞ்சிய நான்கு ஆட்டங்களில் தொரினோ தன் இளையோரை இறக்கியது. எதிர்த்து ஆடிய கழகங்களும் தத்தம் இளையோரையே இறக்கின. வீரத்திலும் உயர்ந்த பண்பு இதுவென்போம்.

ஆண்டுதோறும் மே 4 ஆம் நாள் மக்கள் அக்குன்றின்மேல் ஏறுகின்றனர். அன்றைய தொரினோ அணித்தலைவர் இறந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். அந்த அணியின் ஆட்டத்தைக் கண்ணாற் கண்டவர் இன்று மிகச் சிலரே. ஆயினும், பாச்சிகலுப்போ, பல்லாரின், மரோசோ எனத் தொடங்கும் பதினொரு பெயர்களைப் பிள்ளைகளும் மனனமாய்ச் சொல்வர். பெயரை உரத்துச் சொல்ல ஒருவர், கேட்க ஒரு கூட்டம், கூடுவதற்கு ஓரிடம்: இம்மூன்றும் இருக்குமளவும் ஒரு சமூகத்தின் நினைவு அழிவதில்லை. பிலதெல்பியா மைதானம் பாழடைந்து இடிக்கப்பட்டபோதும் மக்கள் அதைக் கைவிடவில்லை. இடைவிடாது வாதாடினர்; பணமும் ஈந்தனர். 2017 இல் அது மீண்டும் எழுந்தது.

அன்பர்களே, இக்கதைக்கு இருண்ட பக்கமும் ஒன்றுண்டு. 1985 மே 29 இல் பிரசல்ஸ் நகரின் ஹைசல் அரங்கில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தின்போது முப்பத்தொன்பது பேர் நெரிபட்டு இறந்தனர். அவருட் பெரும்பாலோர் யுவெந்துஸ் ஆட்டம் காணச் சென்ற இத்தாலியர். இரு கழகத்தாருக்கும் துயர நாள் உண்டு. இரு பக்கத்தும் தாய்மார் அழுதனர். அவ்வாறிருந்தும், சூப்பெர்காவைப் பழித்துக் கூவுவோர் ஒரு பக்கமும், ஹைசலைப் பழித்துக் கூவுவோர் மறுபக்கமும் இருக்கின்றனர். தம் இறந்தோரைப் போற்றி, பிறர் இறந்தோரை இகழ்வது நினைவாகாது. அது பகைக்குப் போட்ட முகமூடி.

இகழ்வோர் மறந்த செய்தி ஒன்றுண்டு. 1947 மே 11 ஆம் நாள் தூரின் நகரில் இத்தாலி ஹங்கேரியை 3-2 என வென்றது. இத்தாலியின் பதினொருவரில் பதின்மர் தொரினோ வீரர். கோல் காத்த ஒருவர் மட்டும் யுவெந்துஸ் வீரர். அப்பதின்மருக்கும் பின்னே காவலாய் நின்றது அந்தப் பங்காளியின் கைகளே! அந்தப் பதின்மருள் ஒருவரான கபெத்தோவும், தூரின் நகரிற் பிறந்து, முதலில் யுவெந்துசுக்காக வாகை சூடி, பின்பு தொரினோவுக்காகச் சூடி, சூப்பெர்காவில் மாண்டவர்.

வெற்றிகளை எண்ணினால் யுவெந்துஸ் எங்கோ முன்னே நிற்கிறது. தொரினோவோ 1949 க்குப் பின் 1976 இல் ஒரேயொரு முறைதான் வென்றது. எனினும், எந்த அணி மிகப் பெரிது என்று அம்முதியோர் வாதிடுகையில், கணக்குப் புத்தகத்தை எவரும் திறப்பதில்லை. இடிபாடுகளின் நடுவே தம்மை நிமிர வைத்தவர் யார் என்பதையே நினைத்துப் பார்க்கின்றனர்.

இளைஞர்களே, உங்களுக்கு முன் இம்மைதானத்தில் ஆடியோரின் பெயர்களை எழுதி வையுங்கள். ஆண்டுக்கொரு முறை உரத்து வாசியுங்கள். அடுத்த ஊரார் தம் பெயர்களை வாசிக்கும்போது எழுந்து நில்லுங்கள். இவ்வளவே நாம் சொல்ல வந்தது.