கற்கண்டு கற்பிக்கும் பாடம்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் வீட்டில் எழும் முதற் கேள்வி, பிள்ளைகளை என்ன செய்வது என்பதே. பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில் உள்ள முரசுமோட்டையாயினும் சரி, கொழும்பு மாநகராயினும் சரி, இக்கேள்விக்கு இக்காலத்துப் பெற்றோர் பலரும் காணும் விடை ஒன்றுதான்: மற்றுமொரு தனியார் வகுப்பு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணி, எட்டு வயதுப் பிள்ளையும் விடுமுறை நாளிற் புத்தகப் பையைச் சுமக்கிறது. விடைகளை மனனஞ் செய்யும் அப்பிள்ளைக்கு வினா எழுப்பும் பழக்கம் எப்பொழுது வரும்?

வினா எழுப்பும் பழக்கத்துக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. அடுக்களையும், ஒரு கண்ணாடிப் போத்தலும், சிறிது சீனியும், பொறுமையுள்ள ஒரு பெரியவரும் போதும். இலண்டனிலுள்ள அரச நிறுவகம் 1825ஆம் ஆண்டிலேயே நத்தார் விடுமுறைக் காலத்தில் இளையோருக்கான அறிவியற் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. அங்கே 1860ஆம் ஆண்டின் இறுதியில் மைக்கேல் பரடே என்னும் பேரறிஞர் சிறுவர்முன் எடுத்துவைத்த பொருள் யாது? ஒரு மெழுகுவர்த்தி! எல்லார் வீட்டிலும் எரியும் அந்த மெழுகுவர்த்தியைக் கொண்டே அவர் இரசாயனத்தின் பெரும் உண்மைகளை விளக்கினார். அவர் மெழுகுவர்த்தியைக் கொண்டு செய்ததை, வன்னி மண்ணிலே ஒரு தாய் கற்கண்டைக் கொண்டு செய்யலாம்.

பனையோடு வாழ்ந்த வடபுலத்தாருக்குக் கற்கண்டு புதிய பொருளன்று. உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியிற் கருப்பநீரை இறக்கி, பதமாகக் காய்ச்சிப் பாகாக்கி, அதனுள்ளே நூல்களைத் தொங்கவிட்டுப் பல நாள் அசைக்காமல் வைத்திருப்பர். பின்னர் திறந்து பார்த்தால் நூலெங்கும் பனங்கற்கண்டு கோத்த மணிபோற் படிந்திருக்கும். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே பனைகள் பல அழிந்தன. மக்கள் இடம்பெயர்ந்து, பின்பு வெறுங்கையோடு மீண்டனர். முட்டியும் பாகும் கண்டறியாத ஒரு தலைமுறை இன்று அங்கே வளர்கின்றது. ஆயினும் அந்தக் கைத்தொழிலின் அறிவை ஒரு போத்தலுக்குள் மீட்டுக் காட்டுதல் அரிதன்று.

செய்முறை எளியது. ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் மூன்று கோப்பைச் சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கவேண்டும். சீனி முழுதும் கரைந்து பாகு தெளிந்தபின் இறக்கி, சற்று ஆறவிட்டுப் போத்தலில் ஊற்றவேண்டும். சூடான பாகு தோலில் ஒட்டிக்கொண்டு கொதிநீரினும் கொடிதாகச் சுடும். ஆதலின் அடுப்பு வேலையும் ஊற்றும் வேலையும் பெரியவருடையவை. பிள்ளைகள் அவ்வேளையில் எட்டவே நிற்கவேண்டும்.

அவர்களுக்குரிய வேலை நூலிலே இருக்கின்றது. இரு பருத்தி நூல்களை எடுத்து, ஒன்றை மட்டும் நனைத்துச் சீனியிற் புரட்டி நன்றாகக் காயவிடவேண்டும்; மற்றதை வெறுமனே விடவேண்டும். பாகை இரு போத்தல்களிற் பகிர்ந்து, ஒவ்வொரு நூலையும் ஓர் ஈர்க்கிலே கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாதவாறு தொங்கவிடவேண்டும். வாயை மெல்லிய துணியால் மூடி, எறும்பு அணுகாதிருக்கப் போத்தல்களை நீர் நிரம்பிய தட்டிலே வைத்துவிட்டால் ஆயத்தம் முடிந்தது. எந்த நூலிற் கற்கண்டு முந்தி விளையும் என்று ஒவ்வொரு பிள்ளையும் முன்கூட்டியே சொல்லவேண்டும். சொன்னதைக் கொப்பியில் எழுதியும் வைக்கவேண்டும்.

இனி நாள்தோறும் பார்ப்பதே வேலை, தொட்டு ஆட்டலாகாது. சில நாட்களிற் சீனி புரட்டிய நூலிலே சிறு மணிகள் மின்னத் தொடங்கும். ஒரு கிழமை, பத்து நாட்களில் அவை தட்டையான முகங்களும் கூரிய ஓரங்களும் கொண்ட பளிங்குகளாக வளரும். “அம்மம்மா, இந்தக் கல் எங்கேயிருந்து வந்தது?” என்று பேரன் கேட்பான். “தண்ணீருக்குள்ளே இருந்ததுதான், ராசா. அதற்கு ஒட்டிக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது” என்று பாட்டி சொன்னால், அவர் சொல்வது அறிவியல் உண்மையே.

எவ்வாறெனில், 20 பாகை வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியையே கரைத்து வைத்திருக்கும். கொதிநிலையை அண்மியபோதோ 480 கிராம் வரையிற் கரைத்துக்கொள்ளும். பாகு ஆறும்போது, தாங்கும் அளவுக்கு மேற்பட்ட சீனி வெளியேற இடந் தேடுகின்றது. நூலில் ஒட்டியுள்ள சீனித் துகள்கள் அதற்கு வித்தாகின்றன. கண்ணுக்குத் தெரியாத சீனி மூலக்கூறுகள் அவ்வித்தின்மேல் ஒரே ஒழுங்கில் அடுக்கடுக்காகப் படிகின்றன. ஒழுங்காக அடுக்கிய செங்கற்களாற் சுவர் நேராவதுபோல, ஒழுங்காக அடுக்கிய மூலக்கூறுகளாற் பளிங்கின் முகம் தட்டையாகின்றது.

முரசுமோட்டைப் பிள்ளைகளுக்கு இவ்விடத்தில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. பரந்தனுக்கு வடக்கே ஆனையிறவு இருக்கின்றது. போர்க்காலத்தில் முடங்கிப் பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கிய உப்பளம் அங்கே இருக்கின்றது. உப்பும் பளிங்குதான். ஆயினும் அங்கே எவரும் உப்புநீரைக் காய்ச்சி ஆறவிடுவதில்லை. பாத்திகளிற் பாய்ச்சி வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டுவிடுகின்றனர். ஏன்? 100 கிராம் தண்ணீரில் 20 பாகையில் 36 கிராம் உப்புக் கரையும். கொதிநிலையிலும் 39 கிராம் அளவே கரையும். சூடாக்கி ஆறவைப்பதால் உப்பு அதிகம் வெளிவராது, தண்ணீரே போகவேண்டும். கற்கண்டுப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு உப்புநீரை வெயிலில் வைத்துக் காட்டினால், இரு வேறு வழிகளையும் பிள்ளை தானே ஒப்பிட்டுக்கொள்ளும்.

ஆவணி விடுமுறையிற் சோளகக் காற்று வறண்டு வீசும். மார்கழி விடுமுறையிலோ இரணைமடுக் குளம் நிறைந்து, வயலெல்லாம் ஈரமாயிருக்கும். ஆவணியில் விரைந்து வற்றிய உப்புநீர், மார்கழியில் ஏன் வற்றத் தாமதிக்கின்றது? ஒரே பரிசோதனையை இரு விடுமுறைகளிலும் செய்து, நாட்களை எண்ணி எழுதும் பிள்ளை, காற்றிலுள்ள ஈரத்தைப் பற்றி எவரும் சொல்லாமலே அறிந்துகொள்ளும்.

இன்னுமொரு சிறு சோதனையும் உண்டு. புளிப்புள்ள இனிப்பு ஒன்றை நொறுக்கி நீரிற் கரைத்து, அதில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா இட்டால் நுரை பொங்கும். வெறுஞ் சீனி கரைத்த நீரில் இட்டால் பொங்காது. தேசிக்காய்ச் சாற்றில் இட்டால் இன்னும் மிகுதியாகப் பொங்கும். அமிலமும் அப்பச்சோடாவும் சேர்ந்து காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுவதே காரணம். சுவைத்துப் பாராமலே புளிப்பைக் கண்டுபிடிக்கும் வழியைப் பிள்ளை இவ்வாறு கற்கின்றது. சோதித்த நீரைக் குடிக்கலாகாது என்பதும் அப்பாடத்தின் பகுதியே. கடினமான இனிப்பு தொண்டையில் அடைக்கக்கூடுமாதலால், மிகச் சிறு குழந்தைகளின் கைக்கு அதனை எட்டவிடாதிருத்தல் வேண்டும்.

சில வேளை பரிசோதனை பிழைத்துப்போகும். பத்து நாள் காத்திருந்தும் நூல் வெறுமையாகவே தொங்கும். பளிங்குகள் போத்தலின் அடியிற் படிந்திருக்கும். பிள்ளையின் முகம் வாடும். அவ்வேளையிற் கடையிற் கற்கண்டு வாங்கிக் கொடுத்துச் சமாதானஞ் செய்யும் பெற்றோர், பரிசோதனையின் சிறந்த பகுதியை வீணாக்குகின்றனர். சீனி போதாதா? நூல் காயவில்லையா? யாராவது போத்தலை ஆட்டினார்களா? கொப்பியைப் புரட்டி, காரணத்தைத் தேடி, பாகை மீண்டும் காய்ச்சி, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் செய்தல் வேண்டும். நடந்ததை நடந்தவாறே எழுதும் நேர்மையும், பிழையைக் கண்டு கலங்காத துணிவும் அங்கேதான் பிறக்கின்றன.

பரீட்சைத் தாளிலே கற்கண்டைப் பற்றிய வினா வராமற் போகலாம். ஆனால் தன் கையாலே தொங்கவிட்ட நூலில் முதல் மணி மின்னிய காலையை அந்தப் பிள்ளை மறவாது. பளிங்கு வளர வித்தும் வேண்டும், அசையாத பொழுதும் வேண்டும். பிள்ளையின் அறிவு வளரவும் அவ்விரண்டும் வேண்டும். அந்தப் பொழுதைக் கொடுப்பதற்கே விடுமுறை இருக்கின்றது.