வாசித்தவையும் வாசிக்காதவையும்: மைரா ஹெஸ்ஸின் இசை வாழ்வு



ஓர் இசைக்கலைஞரின் வாழ்வை மதிப்பிட நாம் எடுத்துக்கொள்பவை அவர் ஏறிய மேடைகள், பெற்ற விருதுகள், விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகள். இவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்பதே என் உரையின் சாரம்: தாம் வாசிக்காத நாளிலும் இசை நடக்க அவர் என்ன செய்தார்? லண்டன் பியானோ கலைஞர் மைரா ஹெஸ்ஸின் வாழ்வில் இதற்கு நிறைவான விடை இருக்கிறது.

1890 பிப்ரவரி 25 அன்று ஒரு யூதக் குடும்பத்தில் நான்கு பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அவர். ஐந்து வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். பின்னர் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் உதவித்தொகை பெற்று டோபியாஸ் மத்தேயிடம் மாணவியானார். கையை இறுக்காமல் அதன் எடையைப் பயன்படுத்துவதும், தன் ஒலியைத் தானே கூர்ந்து கேட்பதும் மத்தேயின் பாடத்துக்கு உயிர்.

அந்தப் பாடத்தின் அருமை பியானோவின் உள்ளமைப்பை அறிந்தால் விளங்கும். கட்டையை அழுத்தினால் கம்பளி போர்த்திய சுத்தியல் எழும்பித் தந்தியைத் தட்டும். தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது விரலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பதுபோல, ஒலித்துவிட்ட பியானோ சுரத்தை அசைக்க வழியில்லை. அது ஒலித்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். தேயும் அந்த ஒலியின் அளவறிந்து அடுத்ததைத் தட்டினால்தான் இரண்டும் ஒரே இழையாகச் சேரும். ஆகவே பியானோ வாசிப்பவர் முதலில் நல்ல கேட்பவராக இருந்தாக வேண்டும். ஹெஸ் அப்படிப்பட்டவர்.

1907 நவம்பர் 14 அன்று, பதினேழு வயதில், குவீன்ஸ் ஹாலில் தாமஸ் பீச்சம் நடத்திய இசைக்குழுவுடன் அரங்கேறினார். எடுத்துக்கொண்டது பீத்தோவனின் நான்காம் பியானோ கன்சர்ட்டோ. இசைக்குழு முன்னால் சென்று வழி விட, பின்னால் நுழையும் வசதி அதில் இல்லை. பியானோதான் தனியே, மென்மையாகத் தொடங்க வேண்டும். அரங்கேற்றம் நன்றாக அமைந்தும் பெயர் உடனே பரவிவிடவில்லை. பாடம் சொல்லிக்கொடுத்தும் கிடைத்த மேடைகளில் வாசித்தும் ஆண்டுகள் கழிந்தன. 1922இல் அமெரிக்காவில் கிடைத்த வரவேற்பு அவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. பாக் இயற்றிய தேவாலயப் பாடலிசை ஒன்றைப் பியானோவுக்கு அமைத்து 1926இல் வெளியிட்டார். இன்றும் பியானோ மாணவர்கள் விரும்பி எடுக்கும் உருப்படி அது.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. லண்டனில் அரங்குகளும் திரையரங்குகளும் மூடப்பட்டன; இரவில் விளக்கணைப்பு. டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நேஷனல் கேலரியின் ஓவியங்கள் பாதுகாப்புக்காக வேல்ஸுக்குப் போய்விட, வெறுஞ்சுவர்கள் மிஞ்சின. அமெரிக்கப் பயணத்தைக் கைவிட்ட ஹெஸ், அந்தக் கூடங்களில் அவ்வப்போது கச்சேரி நடத்த இடம் தருவீர்களா என்று இயக்குநர் கென்னத் கிளார்க்கிடம் கேட்டார். அவ்வப்போது எதற்கு, நாள்தோறுமே நடத்தலாமே என்றார் கிளார்க்.

1939 அக்டோபர் 10, பகல் ஒரு மணி. முதல் கச்சேரியை ஹெஸ்ஸே தனியாக வாசித்தார். கட்டணம் ஒரு ஷில்லிங். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கூட்டம் வாசலில் திரண்டது. அதன்பின் திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் மதியக் கச்சேரி. அலுவலக ஊழியர்களும் படைவீரர்களும் உணவு இடைவேளையில் வந்து, தேனும் உலர்திராட்சையும் வைத்த சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு இசை கேட்டார்கள். 1940இல் குண்டுவீச்சு கடுமையானபோது கச்சேரி நிலவறைக்கு இறங்கியதே தவிர நிற்கவில்லை. அவர் அரங்கேறிய குவீன்ஸ் ஹால் 1941 மே மாதம் குண்டுக்கு இரையானது. அதன் பிறகும் மதியக் கச்சேரிகள் தொடர்ந்தன.

அங்கே ஒலித்த இசையில் பெரும்பகுதி பாக், பீத்தோவன், ஷூபர்ட், ஷூமன், பிராம்ஸ் ஆகியோருடையது. எதிரி நாட்டின் மொழி பேசியவர்கள் என்பதற்காக இவர்களைத் தள்ளிவைக்க ஹெஸ் இசையவில்லை. ஒரு யூதப் பெண், நாஜிகளின் குண்டுகளுக்கு நடுவே, பீத்தோவனை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க மறுத்தார் என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

இசையமைப்பாளர் ஹோவர்ட் ஃபெர்குசன் நிகழ்ச்சிகளை வகுப்பதில் துணைநின்றார். மிஞ்சிய பணம் இசைக்கலைஞர் நலநிதிக்குச் சென்றது. 1941இல் ஹெஸ்ஸுக்கு ‘டேம்’ பட்டம் கிடைத்தது. 1946 ஏப்ரல் 10 அன்று தொடர் நிறைவுற்றபோது நடந்திருந்த கச்சேரிகள் 1,698. வந்து கேட்டவர்கள் 8,24,152 பேர். கச்சேரிக்குச் சராசரியாக 485 பேர்.

போருக்குப் பின்னும் பதினைந்து ஆண்டுகள் மேடையேறினார். 1961இல் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மொசார்ட்டின் கன்சர்ட்டோவோடு பொது வாசிப்பை முடித்துக்கொண்டார். 1965 நவம்பர் 25 அன்று மறைந்தார். ஒலிப்பதிவு அவருக்கு உவப்பானதாக இருந்ததில்லை. ஆகவே தட்டுகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் அவருடைய கணக்கு சிறியதாகவே தெரியும்.

முழுக்கணக்கைப் பாருங்கள். அந்த 1,698 கச்சேரிகளில் ஹெஸ் வாசித்தவை 150. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவற்றில் புகழ்பெற்றவர்களும் வாசித்தார்கள், பெயர் தெரியாத இளைஞர்களும் வாசித்தார்கள். அந்த ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சத்தையும் அவர் பெயரில்தான் வரவு வைக்க வேண்டும். மாணவர்களே, நாளை நீங்கள் மேடைக்கு வருவீர்கள். உங்கள் சாதகம் உங்களுக்கு மேடை தேடித் தரட்டும். கூடவே, பிறர் வாசிக்க ஓர் இடம் திறந்துவைக்கும் பொறுப்பும் உங்கள் தொழிலுக்குள் அடங்கும் என்று கொள்ளுங்கள். அதற்கு அரண்மனை தேவையில்லை: ஒரு காலிக்கூடம், எளிய கட்டணம், தவறாத நேரம் போதும்.